ஒளிபரப்பாகாத இருபத்தெட்டு எபிசோடுகள்

மார்ச் 4, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் என்று தெரியவில்லை, இந்த டைரியிடமே இருக்கட்டும். வருஷத் தொடக்கத்தில் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒன்று கொடுத்தார்கள். என்னுடையது இரண்டு மாதமாகப் பையிலேயே கிடக்கிறது. எங்கள் வீட்டில் எழுதுவது என்றால் விண்ணப்பம் நிரப்புவதுதான். நிரப்புவது நான், கையெழுத்து மட்டும் அம்மா. ஒரு காரணமும் இல்லாமல் பேனாவை எடுக்கக் கூச்சமாக இருக்கிறது. அதிலும் எழுதப் போவது ஒரு டிவி சீரியலைப் பற்றி.

எட்டு மணி சீரியல். திங்கள் முதல் வெள்ளி வரை. கணவன் போன பிறகு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒரு பெண்ணின் கதை. இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். அவள் தன் பழைய காரை விற்கிற நாளில், சாவியைக் கொடுப்பதற்கு முன் டிரைவர் சீட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பின்னணி இசை இல்லை, அழுகை இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கினாள், அவ்வளவுதான். மறுநாள் காலை அதை ஒன்றுவிடாமல், கண்ணாடி துடைத்தது வரை, அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவால் பார்க்க முடியாது. ஆஸ்பத்திரி லாண்டரியில் மதியம் ஒன்றிலிருந்து இரவு ஒன்பது வரை வேலை. படம் பார்க்கிற போன் அந்த ஷிஃப்டில் ஒருத்தியிடமும் இல்லை. காலையில் அம்மா என் சட்டைக்கு இஸ்திரி போடும்போது நான் கதை சொல்வேன். காலர், கை, முதுகு, முன்பக்கம். பட்டன் வரிசைக்கு வரும்போது கதை முடிந்திருக்க வேண்டும். மதியம் அதை அம்மா பெட்ஷீட் மடிக்கிற மேஜையில் சொல்வாள். அங்கே மொத்தம் ஏழு பேர். அம்மா வாயைத் திறந்தால் மற்ற ஆறு பேரும் கை வேலையை மெதுவாக்கிக்கொள்வார்களாம். இதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 8, வெள்ளி

தம்பியாக நடித்தவர் போய்விட்டார். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று கீழே ஒரு வரி ஓடியது. புதியவருக்கு அக்காவைவிடப் பத்து வயது கூட இருக்கும். வசனம் பேசி முடித்ததும் கேமராவை ஒரு முறை முறைக்கிறார். இடி இடிக்கிறது. பிறகு வீட்டில் இருக்கிற எல்லோர் முகத்துக்கும் ஆளுக்கு ஒரு இடி. காபி கொண்டு வந்த வேலைக்காரிக்கும் ஒரு இடி.

டைட்டிலில் வழக்கமாக வரும் எழுத்தாளர் பெயரும் இல்லை. நான் மட்டும்தான் கவனித்தேனா?

சேனலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மரியாதையாகத்தான். இரண்டு பக்கம்.

மார்ச் 11, திங்கள்

அவளுக்கு விபத்து. நினைவு போய்விட்டது. அவளைப் போலவே இன்னொருத்தி, கன்னத்தில் மச்சத்தோடு, கண்ணாடி முன் நின்று சிரிக்கிறாள்.

டிவியை அணைத்துவிட்டேன். பிறகு, அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமே என்று திரும்பப் போட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

காலையில் அம்மா காலரை விரித்து வைத்துவிட்டு, "ம், சொல்லு. வண்டி எடுத்துட்டு எங்க போனா?" என்றாள்.

என்னால் சொல்ல முடியவில்லை. மச்சம், கண்ணாடி, இடி. சொன்னால் இரண்டு வருஷமாக நான் தூக்கி வைத்துப் பேசியது இதைத்தானா என்று ஆகிவிடும். என் வீட்டில் யாரோ குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற மாதிரி, அதை அம்மா பார்ப்பதற்குள் மூடிவிட வேண்டும் போல இருந்தது.

"எங்கயும் போகலை. வண்டியைத் துடைச்சிட்டு இருந்தா. தம்பி வந்து சாவி கேட்டான். குடுக்கலை" என்றேன்.

அம்மா முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் போட்டாள். "குடுக்காதது நல்லது" என்றாள்.

மார்ச் 20, புதன்

ஒரு நாள் சொன்னால் அடுத்த நாளும் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது என் கதையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். யாரோடும் பேசமாட்டாள். ரிவர்ஸ் கியர் என்றால் உடம்பு நடுங்கும். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படிப் போவது என்று கேட்கிறாள்.

லாண்டரியில் அவளுக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். துணியைச் சூடான உருளைக்குள் விட்டுத் தேய்க்கிற மெஷினைப் பார்த்துக்கொள்கிறவரை அம்மா ரோலர் அக்கா என்பாள். ஒருத்தரையும் லட்சியம் செய்யாத ஆளாம் அவர். "நாளைக்காவது அவளைப் பின்னாடி எடுக்கச் சொல்லுடின்னு உன் பொண்ணுகிட்ட சொல்லு" என்று நேற்று அம்மாவிடம் சொன்னாராம்.

அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "என்னமோ நீதான் எழுதற மாதிரி!"

நானும் சிரித்தேன். அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் கூட வாயைத் திறக்காதவள் நான். நான் சொன்ன ஒருத்திக்காக ஏழு பேர் காத்திருக்கிறார்கள். இன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 27, புதன்

சேனலிலிருந்து பதில். 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம். தங்கள் மேலான கருத்து உரிய பிரிவின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்படும்.' நான் வேலை பார்க்கிற ஃபிரிட்ஜ் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்கு தினமும் அடிக்கிற வரி. எழுத்து மாறாமல் அதே வரி.

ஏப்ரல் 2, செவ்வாய்

லாண்டரியில் ஒருவர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டார், பாதத்தில் எலும்பு விரிசல். போன வாரம் நடந்ததாம். தடித்த கண்ணாடி போட்டவர், அதனால் கண்ணாடிக்காரி. மூன்று வாரம் வீட்டில். "பாவம், கதை விட்டுப் போகுது அவளுக்கு" என்றாள் அம்மா.

(இரண்டு வாரம் கழித்துச் சேர்க்கிறேன்: அவர் வீட்டில் டிவி இருக்கும் என்று எனக்கு அன்று ஏன் தோன்றவே இல்லை?)

ஏப்ரல் 12, வெள்ளி

பயந்தாங்கொள்ளிக்கு லைசென்ஸ் டெஸ்ட். திங்கட்கிழமையே முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. திங்கள் அன்று மழை வந்து டெஸ்ட் தள்ளிப்போனது. செவ்வாய் அன்று ஆபீசர் வரவில்லை. புதன் அன்று அவள் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றாள். ரோலர் அக்கா தலையில் அடித்துக்கொள்கிறார் என்று அம்மா வந்து சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் தித்தித்தது. நாளை காலை, வண்டி பின்னால் போய்ச் சக்கரம், தொட்டால் ஃபெயில் என்கிற வெள்ளைக் கோட்டைத் தொடப் போகிற இடத்தில் நிறுத்தப் போகிறேன். செவ்வாய் வரை தவிக்கட்டும்.

இடி ஒன்றுதான் பாக்கி.

ஏப்ரல் 16, செவ்வாய்

எப்படி எழுதுவது.

காலையில் நான் ஆரம்பிப்பதற்குள் அம்மா பேச ஆரம்பித்தாள். கண்ணாடிக்காரி நேற்று வேலைக்குத் திரும்பியிருக்கிறார். அம்மா மேஜையில் டெஸ்ட்டைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கே வந்து, "எந்த சீரியலைக்கா சொல்ற? அவ ஆஸ்பத்திரில நினைவில்லாம கிடக்கா. அவளை மாதிரியே இன்னொருத்தி வந்து வீட்ட ஆட்டி வெக்கறா" என்றாராம்.

"நான் விடுவேனா?" என்றாள் அம்மா. "என் பொண்ணு டிகிரி படிச்சவ, தினமும் கண்ணால பாத்து சொல்றா. நீ வலி மாத்திரையப் போட்டுட்டு என்ன கனவு கண்டியோன்னு கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவ மூஞ்சியே செத்துப்போச்சு. கடைசில கண்ணாடியக் கழட்டித் துடைச்சிட்டே இருந்தா. பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

இஸ்திரிப் பெட்டி என் சட்டையின் கைமேல் போய் வந்துகொண்டிருந்தது.

"சரி, நீ சொல்லு. கோட்டைத் தொட்டாளா?"

தொடவில்லை என்றேன். பாஸ் ஆகிவிட்டாள் என்றேன். அம்மா கை தட்டினாள்.

நான் பார்த்திராத ஒருத்தர், உண்மையைச் சொன்னதற்காக, கால் வலியோடு நின்றுகொண்டு கண்ணாடியைத் துடைத்திருக்கிறார். அதைக் கேட்ட பிறகும் நான் பாஸ் என்று சொன்னேன். என்ன பிறவி நான்?

ஏப்ரல் 17, புதன்

இன்றும் கதைதான் சொன்னேன், உண்மையைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

நீல நிறச் சட்டை. அம்மா காலரை இரண்டு தடவை தேய்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், "நேத்து என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள்.

குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. சத்தியமாக இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்குமா?

சொன்னேன். லைசென்ஸ் வாங்கினவள் முதல் முறையாகத் தனியாக வண்டி எடுத்துக்கொண்டு போகிறாள். போகும் வழியில் டீச்சரைப் பார்த்து ஹாரன் அடிக்கிறாள். டீச்சர் கை காட்டாமல், "கண்ணு ரோட்டுல இருக்கட்டும்" என்று கத்துகிறாள். நன்றாகத்தான் சொன்னேன். ஹாரன் சத்தம் கூட வாயால் கொடுத்தேன்.

அம்மா கை, முதுகு, முன்பக்கம் எல்லாம் முடித்தாள். பட்டன்களுக்கு நடுவே பெட்டியின் முனையை விட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். சட்டையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள்.

"போட்டுக்கோம்மா. சூடா இருக்கு, பாத்து."

நான் செருப்பு மாட்டும்போது பின்னால் வந்து நின்றாள்.

"கண்ணாடிக்காரி நேத்து என்னை மேல வார்டுக்குக் கூட்டிட்டுப் போனா. நாங்கல்லாம் மேல போகக் கூடாது. அங்க இருக்கற ஆயாகிட்ட கெஞ்சிக் கேட்டு, ரெண்டு நிமிஷம் நிக்க விட்டாங்க. எட்டு மணிக்கு டிவில பாத்தேன். மச்சம் வெச்சவ சிரிச்சிட்டு இருந்தா."

அவ்வளவுதான் சொன்னாள். நேரமாச்சு கிளம்பு என்றாள்.

பார்த்துவிட்டு வந்துதான் கேட்டிருக்கிறாள். நான் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு சட்டை நேரம் முழுக்கக் கொடுத்திருக்கிறாள். நான் ஹாரன் அடித்துக் காட்டினேன்.

எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டு.

ஏப்ரல் 19, வெள்ளி

நான் எழுந்தபோது சட்டை நாற்காலியில் மடித்து வைத்திருந்தது. ஆறு மணிக்கே போட்டுவிட்டாளாம். "நீ நல்லா தூங்கிட்டு இருந்தம்மா, எதுக்கு எழுப்பணும்னுதான்."

ஏப்ரல் 20, சனி

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது கேவலமா போயிடுச்சும்மா, உன்கிட்ட அதைச் சொல்ல மனசு வரலை" என்றேன்.

"சரிம்மா" என்றாள்.

"கோவமா?"

"எனக்கென்ன கோவம். நீ படிச்சவ. எது நல்லாயிருக்கும் எது நல்லாயிருக்காதுன்னு உனக்குத்தான் தெரியும். எனக்கு எங்க தெரியப்போகுது."

குத்திக் காட்டினாளா? இல்லை. அப்படித்தான் நம்புகிறாள். இருபத்தெட்டு நாளும் அப்படித்தான் நானும் நம்பியிருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாது என்று.

ஏப்ரல் 23, செவ்வாய்

பஸ் ஸ்டாப்பில் ஜோடி அக்காவைப் பார்த்தேன். ஒரு பெட்ஷீட்டை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அம்மாவுக்கு எதிர் முனை பிடிக்கிறவர் இவர்தான். போன வருஷம் ஒரு முறை வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"உங்கம்மாவைக் காது டாக்டர்கிட்ட காட்டும்மா" என்றார்.

"ஏன்க்கா?"

"காது சரியா கேக்கலையாமே. நீ ஒண்ணு சொன்னா அவங்களுக்கு வேற ஒண்ணா விழுதாம். நீ சரியாத்தான் சொன்னியாம், இவங்கதான் மாத்தி மாத்திப் புரிஞ்சிக்கிட்டாங்களாம். எல்லார் முன்னாடியும் கண்ணாடிக்காரி கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டாங்க. இப்ப ரோலர் அக்கா வேணும்னே காதுகிட்ட போய்க் கத்தறா, 'அக்கா, இது தலையணை உறை, போர்வை இல்ல'ன்னு. எல்லாம் ஒரே சிரிப்புதான். உங்கம்மாவும் சிரிக்கறாங்க. கதை சொல்றதை மட்டும் விட்டுட்டாங்க."

என் பஸ் வந்தது. ஏறவில்லை.

அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக் குழாயில் சொட்டுகிற தண்ணீர்கூடக் கேட்கும்.

ஏப்ரல் 24, புதன்

நான் போய்ச் சொல்ல வேண்டும். அங்கேயே, லாண்டரியில், எல்லோர் முன்னாலும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. நான்கு வருஷமாக அம்மா அங்கே வேலை செய்கிறாள். நான் ஒரு நாளும் போனதில்லை. அலுவலகத்தில் கேட்டால் 'ஆஸ்பத்திரியில வேலை' என்பேன். நர்ஸா என்று கேட்டால் ஒரு மாதிரித் தலையை ஆட்டுவேன். அது பொய் இல்லை என்று இத்தனை நாள் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

அரை நாள் லீவு போட்டேன்.

லாண்டரி ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில். கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. சுவர் உயரத்துக்கு அழுக்குத் துணி மூட்டைகள். நடுவில் நீள மேஜை. அம்மாவும் ஜோடி அக்காவும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து உதறினார்கள், நெருங்கி வந்து சேர்த்தார்கள், திரும்ப விலகினார்கள். அம்மா வேகமாக இருந்தாள். வீட்டில் அந்த வேகத்தை நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"என்னம்மா? உடம்பு சரியில்லையா?"

"இல்லைம்மா. இவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. ரோலர் மெஷின் அப்படி இரைந்தது. இன்னொரு முறை சொன்னேன்.

"சத்தமா சொல்லும்மா!" என்றார் ரோலர் அக்கா.

"அதை நிறுத்துங்களேன்க்கா" என்றார் ஜோடி அக்கா.

"நிறுத்தினா மறுபடி சூடேற அரை மணி நேரம். யாரு சூப்பர்வைசருக்குப் பதில் சொல்றது? அவளையே கத்தச் சொல்லு!"

வாழ்க்கையில் நான் கத்தியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "அம்மாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது! நான்தான் பொய் சொன்னேன்! சீரியல் நல்லா இல்லைன்னு நானே கதை கட்டினேன்!"

துணி கொண்டு போக வந்த வார்டு ஆயாவும் கேட்டுக்கொண்டு நின்றார்.

ரோலர் அக்கா முதலில் வாயைத் திறந்தார். "அப்ப அந்தப் பயந்தாங்கொள்ளி?"

"கிடையாதுக்கா."

"ஆளே கிடையாதா?"

"கிடையாது."

"அடிப்பாவி! அவ பாஸ் ஆயிட்டான்னு நான் என் வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொன்னேனே. அந்தாளு என்னைக்குமே நான் சொல்றத நம்பமாட்டாரு, இதையாவது நம்பினாரு!"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜையின் கடைசியில், ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தவரின் கண்ணாடி ஆவியில் வெள்ளையாகியிருந்தது. அவர் முன்னால் போய் நின்றேன். நீங்கள் சொன்னதுதான் உண்மை, என்னால்தான் எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மேலிருந்து கீழ்வரை என்னைப் பார்த்தார்.

"ரெண்டு ராத்திரி எனக்கே சந்தேகம் வந்திடுச்சும்மா, நாந்தான் கனவு கண்டனோன்னு. அதை விடு. அந்தக் கண்றாவிய நான் மூணு வாரம் ஒத்தையா உக்காந்து பாத்தேன். என்னடா இது, இந்தக் கூத்தை இவளுங்க எல்லாம் என்ன சொல்லித் திட்டறாளுங்களோ, போய்ச் சேந்து திட்டலாம்னு ஆசையா வந்தேன். வந்தா இங்க டெஸ்ட்டுங்கறாங்க, கோடுங்கறாங்க! அது கேவலமா இருந்தா கேவலமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? ஏழு பேரும் வாய் நிறையத் திட்டியிருப்போம்ல? அந்தச் சந்தோஷத்தையும் நீயே வெச்சுக்கிட்டியே."

நான் எதையோ காப்பாற்றிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் ஷீட்டின் முனையை எடுத்து ஜோடி அக்காவிடம் நீட்டினாள். "பஸ் போயிடும். கிளம்பும்மா" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மரியாதையாக.

மே 3, வெள்ளி

இப்போது கதை சொல்வது கண்ணாடிக்காரி. அவருடைய தங்கை தினமும் பார்க்கிறாள், அவளிடம் கேட்டு வந்து சொல்கிறாராம். முழுதாகச் சொல்ல விடுவதில்லையாம் யாரும். நடுவிலேயே திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். இதெல்லாம் ஜோடி அக்கா சொல்லித்தான் தெரியும்.

"உங்கம்மா திட்டறதுதான் ஹைலைட்டு" என்றார். "அந்த மச்சக்காரியை இழுத்து ஒரு பிடி பிடிச்சாங்க பாரு, மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு."

அம்மா இங்கே வீட்டில் சத்தமாகக்கூடப் பேசுவதில்லை.

மே 10, வெள்ளி

சீரியல் முடிந்துவிட்டது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. மச்சக்காரி மலையிலிருந்து விழுந்தாள், இவளுக்கு நினைவு வந்தது, எல்லோரும் வரிசையாக நின்று சிரித்தார்கள், நன்றி என்று போட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் அழவில்லை.

மே 13, திங்கள்

அலுவலகத்தில் புதிதாக வந்த பெண், உங்கள் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் துணி மடிக்கிறார் என்றேன். ஓ என்றாள். அவ்வளவுதான் நடந்தது. இதற்கா நான்கு வருஷம்?

வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை. ஆறு மணிக்கே சட்டை தயார். சாப்பிட்டியாம்மா, குடை எடுத்துக்கிட்டியாம்மா. வீட்டுக்கு வந்த ஆபீசரைக் கவனிக்கிற மாதிரி கவனிக்கிறாள். டிகிரி வாங்கிய நாளிலிருந்து அம்மா என்னை ஒரு முறைகூட 'டி' போட்டுக் கூப்பிடவில்லை. இன்றுதான் அது உறைத்தது. என்னைப் பார்த்திராத ரோலர் அக்காகூட அன்று 'சொல்லுடி' என்று சொல்லி அனுப்பியிருந்தார். பள்ளியில் படிக்கும்போது ஒரு முறை ஃபெயில் ஆன பேப்பரை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன். தெரு முனை வரை துரத்திக்கொண்டு வந்தாள். என்னவெல்லாம் சொன்னாள்! சாயங்காலமே மடியில் படுத்துக்கொண்டேன்.

நாளை ஐந்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன். பெட்டி சூடாவதற்குள் அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். கதை எதுவும் சொல்லப் போவதில்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மூன்று வாரமாக நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போகிறது. வாய் குழறாமல் இருக்க இங்கே ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்:

அம்மா, நான் படிச்சவங்கறத கொஞ்ச நேரம் மறந்துட்டு, அந்த மச்சக்காரியைத் திட்டின மாதிரி, என்னையும் ஒரு தடவை வாய் வலிக்கத் திட்டிடேன்.